உத்திரமேரூரில் ஒரு வாலை: உள்ளூர் வாசனைப் பயிர்களை வடிக்கும் சிறு தொழிலுக்கு முழுமையான வழிகாட்டி

கோவாவுக்குப் போய்வந்த நம் பிள்ளைகள் ஒரு கேள்வியோடு திரும்புகிறார்கள். முந்திரிப் பழத்தில் காய்ச்சும் ஃபெனிக்கு 2009-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அதை வைத்துப் பிழைக்கின்றன. நம் ஊரிலும் பனை நிற்கிறது, கரும்பு விளைகிறது, நாமும் ஒரு சிறு வடிசாலை போட்டால் என்ன? உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத இளைஞர்கள் குறைவு. போடலாம் என்பதுதான் என் பதில். ஆனால் அண்டாவுக்குள் போகிற பொருள் வேறாக இருக்க வேண்டும்.

முதல் படி: எதை வடிக்கக் கூடாது

1937-ல் ராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டம் அந்த ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் முதலில் நடைமுறைக்கு வந்தது. பலமுறை தளர்த்தியும் இறுக்கியும் திருத்தப்பட்ட அதே சட்டம்தான் இன்றும் தமிழ்நாட்டை ஆள்கிறது. உரிமம் இல்லாமல் மது காய்ச்சுவது குற்றம்; அதற்கான ஊறலும் பாத்திரமும் வைத்திருப்பதும் குற்றம். கள்ளுக்கு 1987 முதல் தடை. சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில். கோவாவில் ஒரு குடும்பம் செய்கிற தொழிலை இங்கே ஒரு குடும்பம் செய்ய வழியில்லை. பெரிய ஆலைகளுக்கு மட்டுமே கதவு திறந்திருக்கிறது.

2023 மே மாதம் நமக்குப் பக்கத்திலேயே சித்தாமூர்ப் பகுதியிலும் மரக்காணத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மறு ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேல். அதன்பிறகு சட்டம் திருத்தப்பட்டு, உயிரிழப்பு நேர்ந்தால் ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம் என்றானது. எனவே சாராயப் பேச்சை இதோடு விட்டுவிடுவோம்.

விட்டுவிட்டாலும் வடிக்கும் கலை நம்மை விட்டுப் போகாது. சித்த மருத்துவத்தில் வடிக்கும் கருவிக்கு வாலை என்று பெயர். வாலையில் இறங்கும் நீருக்குத் தீநீர் என்று பெயர். வயிறு உப்பினால் பாட்டி கொடுத்த ஓமத் தண்ணீர் அசலில் ஓமத் தீநீர்தான். ஓமத்தை ஊறவைத்து, வாலையிலிட்டு, ஆவியைக் குளிர்வித்து எடுத்தது. எதையும் நொதிக்க வைக்காமல், போதை இல்லாமல், செடியின் வாசனையை மட்டும் பிரித்தெடுக்கும் இந்த வேலையைத்தான் நான் சிறு வடிசாலை என்கிறேன். எலுமிச்சைப்புல் எண்ணெயும் வெட்டிவேர் எண்ணெயும் அவற்றின் வாசனை நீரும் சட்டத்துக்கு உட்பட்ட சரக்கு. நம் மண்ணில் விளைவதும் கூட.

இரண்டாம் படி: பயிரைத் தேர்ந்தெடுத்தல்

எல்லாரும் முதலில் கேட்பது மல்லிகையைத்தான். வேண்டாம். மல்லிகைப் பூவை நீராவியில் வேகவைத்தால் வாசனை கெட்டுவிடும். சந்தையில் விற்கும் மல்லிகைச் சாறு கரைப்பான் கொண்டு பெரிய தொழிற்சாலைகளில் எடுப்பது. ரோஜாவை வடிக்கலாம், ஆனால் ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3,000 முதல் 4,000 கிலோ இதழ் வேண்டும். பன்னீர் மட்டும் எடுப்பதானால் சரி. நம் ஏரிக்கரையில் நிற்கும் தைலமரத்தைப் பார்த்து ஆசைப்படுகிறவர்களும் உண்டு. ஊட்டித் தைலம் எடுக்கும் மரம் வேறு, சமவெளியில் காகிதக் கூழுக்காக நட்ட மரம் வேறு. நம் ஊர் மரத்தின் இலையில் மருந்துக்குத் தேவையான சினியோல் குறைவு.

தொடங்குகிறவருக்கு எலுமிச்சைப்புல்தான் நல்லது என்பேன். நட்டு 90 முதல் 100 நாளில் முதல் அறுப்பு. பிறகு பாசன வசதி இருந்தால் ஐம்பது, அறுபது நாளுக்கு ஒருமுறை. ஒருமுறை நட்டால் நான்கைந்து ஆண்டு நிற்கும். மாடு விரும்பி மேயாது, பூச்சித் தொல்லை குறைவு. தப்பு செய்தாலும் அடுத்த அறுப்பில் திருத்திக்கொள்ளலாம், கற்றுக்கொள்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

வெட்டிவேர் விலை கூடிய பயிர். கடலூர்க் கடற்கரை மணலில் பல ஊர்கள் அதை வைத்தே வாழ்கின்றன. நம் பக்கம் பாலாறு, செய்யாறு ஓரத்து மணற்பாங்கான நிலத்துக்கு ஏற்றது. ஆனால் வேர் முதிர ஓராண்டுக்கு மேல் ஆகும். களிமண்ணில் நட்டால் தோண்டும்போது பாதி வேர் அறுந்து மண்ணிலேயே நின்றுவிடும். எலுமிச்சைப்புல் மூன்று மணி நேரத்தில் எண்ணெயைக் கொடுத்துவிடும். வெட்டிவேருக்கு இரவும் பகலுமாகப் பதினெட்டு, இருபத்துநான்கு மணி நேரம் அடுப்பெரிக்க வேண்டும். அதனால் இரண்டாம் ஆண்டில் கால் ஏக்கர் வெட்டிவேர் போட்டுப் பாருங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.

மூன்றாம் படி: நிலம்

உத்திரமேரூர் ஏரி ஊர். ஏரிப் பாசனத்து நஞ்சை நெல்லுக்கானது, அதில் எலுமிச்சைப்புல்லை வைக்காதீர்கள். ஐப்பசி மழையில் நீர் தேங்கினால் தூர் அழுகிவிடும். கிணறோ போர்வெல்லோ உள்ள மேட்டு நிலம், புஞ்சை, அதில் வடிகால் உள்ள செம்மண்ணோ மணல்கலந்த மண்ணோ கிடைத்தால் அதுவே போதும். வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், தூருக்குத் தூர் 45 சென்டிமீட்டர் என்று நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 15,000 தூர் பிடிக்கும். விதை வேண்டாம், தூர் பிரித்து நடுங்கள். விதையில் வந்த செடி ஒன்றுபோல் இருக்காது.

தூர் எங்கே கிடைக்கும்? லக்னோவில் தலைமையகம் கொண்ட மத்திய மருந்து, நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம், சுருக்கமாக சீமாப், பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி மையம் வைத்திருக்கிறது. நமக்கு அதுதான் பக்கம். 'கிருஷ்ணா' என்பது அவர்கள் வெளியிட்ட நல்ல எலுமிச்சைப்புல் ரகங்களில் ஒன்று. கோவையில் வேளாண் பல்கலைக்கழகத்தில் மருந்து, நறுமணப் பயிர்களுக்கென்றே தனித்துறை உண்டு. பக்கத்தில் யார் வயலிலோ வாசனையாக நின்ற புல்லைப் பிடுங்கி வந்து நடுவது செலவில்லாத வழிதான். என்ன ரகம் என்று தெரியாமல் நட்டால் எண்ணெயில் எலுமிச்சை வாசனை தரும் சிட்ரால் எவ்வளவு வரும் என்றும் தெரியாது. வாங்குகிறவர் முதலில் கேட்பது அந்த அளவைத்தான். 75 விழுக்காடாவது எதிர்பார்ப்பார்.

நான்காம் படி: வாலையைக் கட்டுதல்

வாலைக்கு நான்கு உறுப்பு. வேகவைக்கும் அண்டா, ஆவி போகும் வளைகுழாய், குளிர்விக்கும் சுருள், எண்ணெய் சேரும் பிரிகலம். இவ்வளவுதான்.

அண்டா துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும். இரும்பு டிரம்மை வெட்டிச் செய்தால் பணம் மிச்சமாகும், ஆனால் துரு ஏறிய எண்ணெய் கறுத்துப்போகும், யாரும் வாங்கமாட்டார். நூறு கிலோ புல்லுக்கு ஏறத்தாழ 500 லிட்டர் கொள்ளளவு வேண்டும். அடியில் தண்ணீர், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே துளையிட்ட சல்லடைத் தட்டு, தட்டின் மேல் புல். புல் தண்ணீரைத் தொடவே கூடாது. இதை எழுதும்போது என் முதல் வடிப்புதான் நினைவுக்கு வருகிறது. சல்லடைக்கு அடியில் முட்டுக் கொடுக்காமல் விட்டுவிட்டேன். ஈரப் புல்லின் பாரத்தில் தட்டு வளைந்து, அடிப்புல் கொதிநீரில் மூழ்கி, தண்ணீர் வற்றியதும் அண்டாவின் அடியில் ஒட்டிக் கருகிவிட்டது. எண்ணெய் வந்தது, எலுமிச்சை வாசனையோடு தீய்ந்த சோற்று வாசனையும் வந்தது. நாள் முழுவதும் அறுத்த புல் வீணானதைவிட, கூலிக்கு வந்த இரண்டு பெண்கள் அந்த வாசனையை முகர்ந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனது எனக்குக் கஷ்டமாக இருந்தது. சல்லடைக்கு அடியில் நான்கு முட்டு, அண்டாவின் பக்கத்தில் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய், இரண்டையும் பட்டறையில் கேட்டு வாங்குங்கள்.

மூடியும் அண்டாவும் சேரும் இடத்தில் ஆவி கசியக் கூடாது. சித்தர் மரபில் துணியில் மண் பூசிய சீலைமண்ணால் மூடுவார்கள். நாம் மூடியின் விளிம்பைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் பள்ளம் ஒன்று வைத்துச் செய்யலாம், அந்தத் தண்ணீரே அடைப்பு. உள்ளே அழுத்தம் ஏறினால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஆவி வெளியேறிவிடும், அண்டா வெடிக்காது. தனியாகக் கொதிகலன் வைத்து அழுத்த ஆவி அனுப்பும் பெரிய அமைப்புகள் உண்டு. அவற்றுக்குக் கொதிகலன் சட்டப்படி பதிவு, ஆய்வு, பயிற்சி பெற்ற ஆள் எல்லாம் வேண்டும். முதல் சில ஆண்டுகளுக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

குளிர்விக்கும் சுருளில்தான் எல்லாரும் கஞ்சத்தனம் செய்கிறார்கள். சுருளைச் சுற்றி நிற்கும் தண்ணீர் சூடானால் ஆவி குளிராது, எண்ணெய் ஆவியாகவே வெளியே போய்விடும். தெருவெல்லாம் மணக்கும், குடுவையில் ஒன்றும் இருக்காது. கிணற்று உறை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடியை சிமென்ட் பூசி, அதற்குள் சுருளை இறக்கினால் மலிவான தொட்டி கிடைத்துவிடும். கீழே குளிர்ந்த தண்ணீர் நுழைய வேண்டும், மேலே சூடானது வழிய வேண்டும். வழிகிற தண்ணீரை வாய்க்காலில் விட்டு ஆறவைத்துப் புல்லுக்கே பாய்ச்சுங்கள்.

ஐந்தாம் படி: முதல் வடிப்பு

காலையில் பனி காய்ந்தபின் அறுங்கள். தரையிலிருந்து 10, 15 சென்டிமீட்டர் விட்டு அறுத்தால் தூர் மறுபடி துளிர்க்கும். அறுத்ததை உடனே அண்டாவில் போடக் கூடாது. பக்கத்து நிலத்து ஆயா ஒருவர் எனக்குச் சொன்னது இது: "வாடட்டும்யா, பச்சையா வெந்தா தண்ணிதான் வரும்." நிழலில் ஒரு நாள் வாடவிட்டால் புல்லின் ஈரம் குறையும், விறகும் மிச்சமாகும், ஒரே அண்டாவில் அதிகம் அடைக்கலாம். குவியலாகப் போட்டால் உள்ளே சூடேறிப் புழுங்கிவிடும்; பரப்பிப் போடுங்கள்.

வாடிய புல்லை முழ நீளத்துக்கு வெட்டி, அடுக்கடுக்காகப் போட்டு மிதித்து அடையுங்கள். நடுவில் தளர்வாகவும் ஓரத்தில் இறுக்கமாகவும் இருந்தால் ஆவி தளர்ந்த வழியாகவே ஓடிவிடும், ஓரத்துப் புல் பச்சையாகவே நிற்கும். வடித்து முடித்ததும் மூடியைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஒரே சீராக மஞ்சளாகியிருந்தால் நன்றாக அடைத்திருக்கிறீர்கள் என்று பொருள்.

தீயை மெதுவாக ஏற்றுங்கள். சீமைக்கருவேல விறகு நம் பக்கம் தாராளம், அது நின்று எரியும். முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் வளைகுழாய் தொட முடியாதபடி சூடாகும். பிறகு சுருளின் வாயில் முதல் சொட்டு விழும். வெறும் தண்ணீர் போலத்தான் இருக்கும். இரண்டாவது, மூன்றாவது சொட்டில் கொஞ்சம் கலங்கல். அப்புறம் ஒரு மெல்லிய இழையாக ஒழுக ஆரம்பிக்கும்போது பிரிகலத்தின் மேலே மஞ்சள் படலம் ஒன்று கூடும், வெயிலில் பிடித்த தேன்போல. அதைப் பார்க்கும்போது அடுப்பைப் பெரிதாக்கத் தோன்றும். தோன்றினாலும் செய்யாதீர்கள். ஆவி வேகமாக வந்தால் சுருளால் குளிர்விக்க முடியாது, எண்ணெய் தண்ணீரோடு கலங்கிப் பால்போல் வரும், பிரிவது கஷ்டம். வெளியே வரும் நீர் கைக்கு இளஞ்சூடாக இருந்தால் சரியான தீ.

சொட்ட ஆரம்பித்த முதல் ஒரு மணி நேரத்தில் பெரும்பாலான எண்ணெய் இறங்கிவிடும். இரண்டரை, மூன்று மணி நேரத்தில் படலம் கூடுவது நின்றால் நிறுத்துங்கள். நூறு கிலோ புல்லுக்கு அரை கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை எதிர்பார்க்கலாம். மழைக்காலத்தில் குறையும், கோடையில் கூடும்.

எண்ணெய்க்கும் நெருப்புக்கும் ஆகாது. பிரிகலம் அடுப்பிலிருந்து தள்ளி, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தால் நல்லது.

ஆறாம் படி: பிரித்தலும் பாதுகாத்தலும்

எலுமிச்சைப்புல் எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது, மேலே மிதக்கும். பிரிகலத்தின் அடிக்குழாய் வழியாகத் தண்ணீரை விட்டு, மேல் வாய் வழியாக எண்ணெயை எடுக்கலாம். வெட்டிவேர் எண்ணெயின் அடர்த்தி தண்ணீருக்கு மிக நெருக்கம். கொஞ்சம் மிதக்கும், கொஞ்சம் முழுகும். அதனால் அதற்குப் பிரிகலமே வேறு மாதிரி வேண்டும், பொறுமையும் வேண்டும்.

எடுத்த எண்ணெயில் தண்ணீர்த் துளி இருந்தால் கெட்டுவிடும். ஒரு நாள் தெளியவிட்டு, நீரற்ற சோடியம் சல்பேட் சிறிது போட்டு வடிகட்டி, அலுமினியக் குப்பியிலோ பழுப்புக் கண்ணாடிப் புட்டியிலோ கழுத்துவரை நிரப்புங்கள். பாதி நிரம்பிய புட்டியில் காற்று இருக்கும். காற்றும் வெளிச்சமும் சிட்ராலைத் தின்றுவிடும்.

அடியில் விடும் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். அதிலும் வாசனை கரைந்திருக்கிறது, அதுதான் தீநீர். வடித்து முடித்த புல்லை உலர்த்தினால் அடுத்த வடிப்புக்கு எரிபொருள், மண்புழுவுக்குக் கொடுத்தால் உரம்.

ஏழாம் படி: காகிதங்கள்

உத்யம் இணையதளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்ய காசு வாங்கமாட்டார்கள். காஞ்சிபுரத்தில் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனால் கடன் திட்டங்களைச் சொல்வார்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறப் பொதுப்பிரிவினருக்குத் திட்டச் செலவில் 25 விழுக்காடும், பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 35 விழுக்காடும் மானியம் என்று வகுத்திருக்கிறார்கள்.

பாட்டிலில் என்ன எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்து உரிமம் மாறும். அறை வாசனைக்கு என்று விற்றால் ஒன்று. தோலில் பூச என்றால் அழகுசாதன உரிமம். ஓமத் தீநீரை மருந்து என்று விற்க சித்த மருந்து உற்பத்தி உரிமம். கொசுவை விரட்டும் என்று எழுதினால் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வந்துவிடுவீர்கள். தெரியாமல் எழுதி மாட்டிக்கொள்பவர்கள் இதில்தான் அதிகம். எதை விற்றாலும் நிகர அளவு, அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், முகவரி, புகார் எண் இவை லேபிளில் இருக்க வேண்டும்.

இன்னொன்றை நான் கட்டாயம் என்றே சொல்வேன். அண்டா வந்து இறங்கும் முன்பே கிராம நிர்வாக அலுவலரிடமும் காவல் நிலையத்திலும் ஊராட்சித் தலைவரிடமும் எழுத்தில் தெரிவித்துக் கையெழுத்து வாங்கி வையுங்கள். அண்டாவும் சுருள் குழாயும் தோப்புக்குள் புகை விடுவதைப் பார்த்தால் நம் ஊரில் எவருக்கும் முதலில் தோன்றுவது சாராயம்தான். அவர்களை அழைத்து வந்து முதல் வடிப்பைக் காட்டிவிட்டால் அப்புறம் அவர்களே உங்களுக்குச் சாட்சி.

எட்டாம் படி: கணக்கும் விற்பனையும்

நம் ஊர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் வாரியத்துக்கு ஆள் எடுக்க வகுத்த விதி. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்கக் கூடாது என்கிறது. நான் அதைப் பார்க்கப் போகும்போதெல்லாம் என் வடிப்பு நோட்டை நினைத்துக்கொள்வேன். தேதி, புல்லின் எடை, வாடிய நேரம், விறகின் எடை, தீ ஏற்றிய நேரம், எண்ணெயின் எடை. ஆறு பத்தி போதும். நாற்பது வடிப்புக்குப் பிறகு அந்த நோட்டு உங்களுக்குச் சொல்லித்தருவதை எந்தப் பயிற்சி முகாமும் சொல்லித்தராது.

இப்போது ஒரு கணக்கு. ஏக்கருக்கு ஆண்டுக்கு 10 டன் புல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு அறுப்பு, அறுப்புக்கு இரண்டரை டன். நூறு கிலோ வாலையில் அது 25 வடிப்பு. நாளுக்கு மூன்று என்றால் எட்டு, ஒன்பது நாள். 0.6 விழுக்காட்டில் ஆண்டுக்கு 60 கிலோ எண்ணெய். மொத்த வியாபாரியிடம் கிலோ 1,000 ரூபாய் என்று வைத்தால் 60,000 ரூபாய். அதில் கூலி, விறகு, மின்சாரம் கழியும். மொத்தமாக விற்க மட்டும் நினைத்தால் ஒரு ஏக்கர் உங்களைக் காப்பாற்றாது. விலை பிறர் கையில், ஏறும் இறங்கும்.

அதனால் பாதியை மொத்தத்துக்குக் கொடுத்து, பாதியைச் சிறு பாட்டிலாக்குங்கள். பத்து மில்லி பாட்டிலில் எண்ணெய், அரை லிட்டரில் வாசனை நீர், தரை துடைக்கும் திரவம். காஞ்சிபுரம் பட்டுக்கடைகளும் கோயில் தெருக் கடைகளும் வெளியூர்க்காரர்கள் வந்துபோகும் இடம். ஊர்ப்பெயர் போட்ட ஒரு வாசனைப் பாட்டில் அங்கே போகும். சோப்புச் செய்யும் மகளிர் குழுக்களுக்கு மாதம் ஒரு லிட்டர் தேவைப்பட்டாலும் அது நிலையான வாடிக்கை. மொத்தமாக வாங்குபவருக்குப் பரிசோதனைச் சான்று வேண்டும். 1991 முதல் கன்னோஜில் இயங்கும் நறுமண, சுவை மேம்பாட்டு மையமும் சீமாபும் எண்ணெயைச் சோதித்துத் தருகின்றன. 'தேக்' என்னும் தாமிர வாலையில் அத்தர் வடிக்கும் ஊர் கன்னோஜ். ஒரு வாரம் அங்கே பயிற்சிக்குப் போய்வாருங்கள்.

எப்போது தொடங்குவது?

ஆடி முதல் மழைக்கு நடலாம். ஆனால் நூறு நாள் எண்ணினால் முதல் அறுப்பு ஐப்பசி அடைமழையில் வந்து நிற்கும். ஈரப்புல், ஈர விறகு, குறைந்த எண்ணெய். ஒன்று, மழை பிடிக்கும் முன் புரட்டாசிக் கடைசியில் அறுத்துவிடுங்கள். இல்லையென்றால் அப்படியே நிற்கவிட்டு மார்கழி வெயில் வந்ததும் அறுங்கள். நான் இரண்டாவதைச் செய்கிறேன். நட்டதற்கும் அறுப்புக்கும் நடுவில் கிடைக்கும் மாதங்களில் பட்டறைக்காரரிடம் அண்டாவுக்கு முன்பணம் கொடுங்கள், பெங்களூருக்கு ஒருமுறை போங்கள், ஐம்பது கிலோ புல்லைக் கடன் வாங்கி யாருடைய வாலையிலாவது ஒரு வடிப்பு கூடவே நின்று பாருங்கள். கிணற்று உறைத் தொட்டியை மட்டும் மழைக்கு முன்பே கட்டிவிடுங்கள், சிமென்ட் நன்றாக ஆற நாள் வேண்டும்.